அண்ணர் அமைதியானவர் அல்ல

எங்கள் அன்பு அண்ணர் நிலாவெளியில் பிறந்து, பாலையூற்றில் மகள் வீட்டில் கண்மூடினார். இந்த நினைவு மலருக்கு உறவினர் எழுதித் தந்த குறிப்புகள் எல்லாம் ‘அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர்’ என்கின்றன. பொய். அண்ணருக்குக் கதைக்க நல்ல விருப்பம். பேச்சுத் திக்கியது, உறவினரான நீங்கள் கதைக்க விடவில்லை.

சிறுவயதில் அவர் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள், கூழாங்கல்லை வாயில் அடக்கச் சொன்னார்கள். நாக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிறகு அப்பாவோடு கரைவலை இழுத்தார். யுத்த காலத்தில் சோதனைச் சாவடி ஒன்றில், பெயர் சொல்லச் சுணங்கியதற்கு அடி வாங்கினார். அடித்தவர்களுக்கு அவரைத் தெரியாது. தெரிந்த நீங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரித்தீர்கள்.

மகளின் கலியாணம் வந்தது. பெண்ணின் தகப்பன் வீடு வீடாக வந்து வாயால் சொல்லவேண்டும்; அட்டை மட்டும் கொடுத்தால் உங்களுக்கு மரியாதை காணாது. அதே நீங்கள்தான், அண்ணருக்குப் பதிலாக அண்ணியின் தம்பியை அனுப்பச் சொன்னீர்கள். மகளின் கலியாணத்தைத் தானே சொல்லப்போவதாக அண்ணர் பிடிவாதமாய் நின்றார். உங்களிடம் அவர் வேறு எதையும் கேட்டதில்லை. ஊர் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்த நானும் கூடப் போனேன்.

உப்புவெளியில் சித்தப்பா, அண்ணர் வாய் திறந்தவுடனேயே, “ஓம் ஓம், விளங்குது. கலியாணந்தானே, வாறம்” என்றார்.

“பொ... பொறுங்கோ சித்தப்பா. நான் இன்னும் சொ... சொல்லேல்லை.”

“நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொம்பிளை பிள்ளையும் பெத்திடுவாள்.”

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றவர்களும் சிரித்தார்கள். அண்ணர் முதற்சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினார். மாப்பிள்ளையின் ஊர், மண்டபம், முகூர்த்தம், “குடும்பமா வந்து நடத்தித் தரவேணும்” என்பது வரை சொன்னார். சட்டை நனைந்துவிட்டது. சித்தப்பா கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணர், “சொ... சொல்லிப்போட்டன்” என்றார். அடுத்த வீட்டுக்கு நடந்தார். ஒரு வீட்டையும் விடவில்லை.

அவருக்கு மருந்து தேவைப்படவில்லை. சொல்லை எடுத்துக் கொடுக்காமல், ‘ஆறுதலாய்ச் சொல்லு’ என்று புத்தி சொல்லாமல், முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் போதும். படித்த உங்களுக்கு அது ஏலவில்லை. அண்ணிக்கும் மகளுக்கும் முடிந்தது. மகள் வீட்டுக்குக் கொண்டுவருமுன், கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் பார்த்த தாதிக்கும் முடிந்தது. “சொல்லுங்கோ ஐயா, நான் போகேல்லை” என்பார் அவர். அந்த மூவருக்கும் எங்கள் நன்றி. இறுதிக் கிரியைகளுக்குப் பந்தல் போட்டவர்களுக்கும் இருக்கக் கதிரை தந்தவர்களுக்கும் நன்றி.

கலியாணத்துக்கு வந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணரே மண்டப வாசலில் நின்று நன்றி சொல்லத் தொடங்கினார். ஏறிப்போக வான் காத்து நிற்கிறது என்று நீங்கள் போய்விட்டீர்கள்.

— தம்பி