தங்கச்சி மேல் விழுந்த வெளிச்சம்

சூரிச்சில் ஒரு ஏலக் கடையில் பழைய நாணயங்களைப் படம் எடுப்பவள் மதுஜா. 2009இல் சேர்ந்தாள். அதுவரை எந்தக் காசின் மேலும் அவளுக்குப் பொறாமை வந்ததில்லை. 2018 ஜனவரியில் வந்தது.

அது கலிகுலா என்ற ரோமப் பேரரசனின் பித்தளைக் காசு. ஒரு பக்கம் அவன் தலை. மறுபக்கம் அவனுடைய மூன்று சகோதரிகள், பெயர் பொறித்து, ஒரே உயரத்தில்: பாதுகாப்புத் தேவியாக ஒருத்தி, ஒற்றுமைத் தேவியாக ஒருத்தி, அதிர்ஷ்ட தேவியாக ஒருத்தி. எங்கள் குடும்பமே தெய்வம், நம்பி இருங்கள் என்று ஊருக்குச் சொல்ல அவன் கண்ட வழி அது. பொல்லாதவன் என்று பேரெடுத்தவன்கூட ஒருத்தியையும் ஒதுக்கிவிடவில்லையே என்று மதுஜாவுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? தம்பி பிருந்தன் ஷ்லீரன் நகரசபைத் தேர்தலில் நிற்கிறான். துண்டுப்பிரசுரத்துக்குக் குடும்பப் படம் என்றதும் இவள் சேலையை அயர்ன் பண்ணி வைத்துவிட்டாள். அந்தக் காசு கைக்கு வருவதற்கு முந்தின நாள் அவன் தொலைபேசியில் சொன்னான்:

"அக்கா, தங்கச்சி யாதவி மட்டும் பக்கத்தில நிண்டாக் காணும். டொக்டரெண்டாச் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. நீங்கள் படத்தை எடுங்கோ. உங்களைவிட ஆர் வடிவா எடுப்பினம்?"

"ஓம்" என்றாள். சேலை அலமாரிக்குள் போனது.

தேய்ந்த காசை எடுக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைப்பார்கள். அப்போதுதான் மேடு பள்ளமெல்லாம் எழும்பித் தெரியும். மனித முகத்துக்கு அப்படி யாரும் வைப்பதில்லை. சனிக்கிழமை மதுஜா தம்பிக்கு மெல்லிய வெளிச்சம் கொடுத்தாள். தங்கச்சி பக்கம் காசு விளக்கைத் தாழ்த்தினாள். பருத் தழும்பு, கண்ணுக்குக் கீழே வீக்கம், எல்லாம் வந்தன. தெரிந்துதான் செய்தாள்.

கட்சிக்காரர்களுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உழைத்துக் களைத்த முகம், உண்மையான முகம் என்று யாதவியைப் பிருந்தனைவிடப் பெரிதாகப் போட்டார்கள். ஷ்லீரன் முழுக்க, தபால் பெட்டிக்குத் தபால் பெட்டி, யாதவி!

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை யாதவி ஒரு பிரதியோடு வந்தாள். குசினி மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, என்னில என்ன கோவம்?"

"விசரோ உனக்கு? லைட் அப்பிடி விழுந்திட்டுது."

"அண்ணாவில நல்லாத்தானே விழுந்திருக்கு."

மதுஜா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சீனி எப்போதோ கரைந்திருந்தது.

"கேட்டிருந்தா அந்த இடத்தை நான் தந்திருப்பன், அக்கா."

உண்மையாகவே தந்திருப்பாள். அதுதான் மதுஜாவால் தாங்க முடியவில்லை. விட்டுக்கொடுக்கும் இடத்திலும் தங்கச்சியே நிற்கிறாள்.