எகம்பெர்தி அண்ணனின் ஒற்றைப் பலகை

“தொண்ணூத்தி ஒண்ணரை” என்று என் வாசற்கதவிடம் சொல்லிவிட்டு, அளவு டேப்பைச் சர்ரென்று சுருட்டிக்கொள்கிறார் எகம்பெர்தி அண்ணன். நேற்றும் அதே கதவு, அதே தொண்ணூற்று ஒன்றரைதான். கேட்டால், “மரம் மூச்சு விடும் தங்கச்சி. வெயிலுக்கு ஒரு அளவு, பனிக்கு ஒரு அளவு. உனக்கெங்க தெரியப்போகுது?” என்பார். என் கதவு இரும்புக் கதவு. போன வருடமே மாற்றிவிட்டேன். அதைச் சொன்னால், “நிலை மரம்தானே?” என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

முப்பத்து நான்கு வருடம் கோகந்து நகரில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர். ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சப்பான் என்கிற பஞ்சு வைத்த நீள அங்கி ஒன்றைப் போர்த்தி, வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்புவதுதான் அங்கே வழக்கம். இவர் முறை வந்தபோது யாருக்கோ புத்தி கெட்டுப்போனது. “எல்லார் வீட்லயும் அங்கிதான் மலை மாதிரி கிடக்கு, புதுசா ஏதாவது குடுப்போமே” என்று மரம் சீவுகிற இழைப்புளி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆறு வருடமாக அந்தக் கர்ர், கர்ர் சத்தத்தோடு தேநீர் குடிப்பது நாங்கள்.

அன்றிலிருந்து இவருக்கு என்ன பரிசு வாங்குவது என்ற கவலை ஒருவருக்கும் இல்லை. நவ்ரூஸ் புத்தாண்டுக்கு உளி, பிறந்தநாளுக்கு மூலைமட்டம், நோன்புப் பெருநாளுக்குக் கொட்டாப்புளி. டேப் மட்டும் ஏழு. ஏழாவது நான் கொடுத்தது, மறைப்பானேன். மருமகன் கொரியாவில் வேலை பார்த்தபோது மீன் முள் போல மெல்லிய பல் வைத்த ரம்பம் ஒன்றை அனுப்பினான். எல்லாம் எங்கே? மனைவி ஸும்ராத்தின் கண்ணாடி அலமாரியில். அவளுடைய பூப்போட்ட தேநீர்க் கிண்ணங்கள் அட்டைப்பெட்டிக்குள் குடிபோய்விட்டன. “எடுத்து வேலை செஞ்சா தேஞ்சிடும்ல?” என்பார். வேலைக்கு, யாரோ தூக்கிப் போட்ட பிடியில்லாத உளி ஒன்று வைத்திருக்கிறார். அதனால் ஏதாவது ஒரு விரலில் எப்போதும் துணிக்கட்டு. “கடையில விரல் வித்தா ஒரு டஜன் வாங்கிக் குடுங்க. அந்த மனுசனுக்கு உருப்படியான பரிசு அதுதான்” என்று ஸும்ராத் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள்.

செய்கிற சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவில் வீட்டுக்கு ஒரு முக்காலி உண்டு, அன்பளிப்பு. முக்காலி ஆடாது என்பார்கள், இவருடையது ஆடும். எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்கு ஒரு ரொட்டிப்பெட்டி செய்து தந்தார். மூடி அவ்வளவு கச்சிதம்! மழை பெய்த அன்று உள்ளே இருந்த ரொட்டியோடு மூடிக்கொண்டது, நான்கு நாள் கழித்து வெயில் வந்த பிறகுதான் திறந்தது. அவருக்கு ஒரே பெருமை. “பாத்தியா, காத்துகூட உள்ள போகல!”

ஆணி என்றால் அவருக்கு ஆகாது. “ஆணி அடிக்கிறவன் சோம்பேறி. ஒரு கட்டையில காடி வெட்டி, இன்னொண்ணோட கழுந்தை அதுல இறக்கி, ஒரு தட்டு. அவ்வளவுதான், உசுருள்ளவரைக்கும் பிரியாது.” ஒரு மையித்து வீட்டில், பிணத்தைத் தூக்கிப்போகிற ஜனாஸா கட்டிலின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டிருந்த மகனிடமே போய், “நாலு ஆணி அடிச்சிருக்கான் தம்பி” என்று துக்கம் விசாரித்த மனிதர் இவர்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். ஒருநாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, “தங்கச்சி, ஓடி வா, ஓடி வா!” என்று கூப்பிட்டார். கை இல்லாமல் போய்விட்டதோ என்று ஓடினேன். கையில் ஒரு மரச்சுருள், ஒரு முழ நீளம், எங்கேயும் அறாமல் வந்திருந்தது. வெயிலுக்கு நேரே பிடித்து, “இதுக்குப் பின்னால பேப்பரை வச்சா படிக்கலாம் பாரு!” என்றார். அறுபத்தாறு வயது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றெரிச்சலாக இருந்தது எனக்கு. எதைச் செய்தும் நான் அப்படிச் சிரித்ததில்லை.

மகள் குல்ஹயோவுக்குத் தலைப்பிள்ளை பிறக்கப் போகிறது என்று தெரிந்ததும், தாய்வீட்டுத் தொட்டிலைத் தானே செய்வதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சந்தையில் பச்சையும் சிவப்பும் பூசி விற்கிற தொட்டில் இவருக்குக் கேவலம். அக்ரூட் மரம் தேடிப் பக்கத்து ஊர்களெல்லாம் அலைந்தார். பிள்ளை படுக்கிற பலகைக்கு ஒட்டுப் போடாத ஒரே பலகை கிடைத்தது. அதில் ரேகைகள் நெளிந்து நெளிந்து ஓடின. பார்க்க வந்தவர்களை எல்லாம் அதைத் தடவச் சொன்னார். ஒன்பது மாதத்தில் பிள்ளை பிறந்துவிட்டது, தொட்டில் மட்டும் பிறக்கவில்லை.

வேலை முடியாததற்குக் காரணம் ஓர் ஓட்டை. பலகைக்கு நடுவில் ஓட்டை இல்லாமல் எங்கள் ஊரில் தொட்டில் ஏது? பிள்ளையைத் துணிப்பட்டையால் கட்டிப் படுக்கவைத்து, காலிடுக்கில் மரக்குழலைப் பொருத்தினால், மூத்திரம் அந்த ஓட்டை வழியாகக் கீழே இருக்கிற சட்டியில் விழ வேண்டும். இவருக்கோ அந்தப் பலகையில் கைவைக்க மனசு வரவில்லை.

“இன்னிக்காவது ஓட்டையப் போட்டீங்களா?” என்பாள் ஸும்ராத்.

“ரேகை எப்படி ஓடுது பாரு. நடுவுல போட்டா வெட்டுப்பட்டுடும்.”

“அப்ப மூத்திரம் ரேகை பாத்துப் போகுமாங்க? ஞாயித்துக்கிழமை தொட்டில் போடுற சடங்குக்கு சம்பந்தி வீட்ல அறுபது பொம்பளைங்க. நம்ம பொண்ணு தலை குனிஞ்சு நிக்கணுமா?”

“போடுறேன், போடுறேன்.”

சனிக்கிழமை மாலை மதில் வழியாகப் பார்த்தேன். பலகையில் பென்சிலால் வட்டம் போட்டார், உளியை வைத்தார், எடுத்தார். பிறகு ஈரத் துணியால் அந்த வட்டத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, தொட்டிலைப் போர்வையால் சுற்றிக் கட்டினார். “முடிஞ்சுது!” என்று உள்ளே குரல் கொடுத்தார். ஸும்ராத்திடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்ன ஆகிறது பார்ப்போம் என்கிற கெட்ட ஆசைதான்.

மறுநாள் ரொட்டி, இனிப்பு, பொம்மை, பட்டு மெத்தை எல்லாவற்றோடும் தொட்டில் ஊர்வலமாகப் போனது. ஆண்கள் முற்றத்தில் புலாவுக்கு உட்கார, பெண்கள் நாங்கள் உள்ளே கூடினோம். பிள்ளையைக் கட்ட வந்த ஸைதா அத்தை, சடங்கின் வழக்கமான விளையாட்டாக அவனைத் தலைமாட்டில் காலை வைத்துப் படுக்கப்போட்டு, “இப்படியா?” என்றாள்.

“இல்ல!” என்று கத்தினோம்.

குப்புறப் போடப் போனாள். “அப்ப இப்படியா?”

“இல்ல! இல்ல!”

அத்தை மெத்தையைத் தூக்கிக் கீழே தடவினாள். நின்றாள். மறுபடி தடவினாள். “ஓட்டை எங்கடி?”

இதுவும் விளையாட்டு என்று நினைத்து அறுபது பேரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. “அடியே, நெசமாத்தான் கேக்குறேன். ஓட்டையே இல்ல!”

ஸும்ராத் முகத்தில் ரத்தமே இல்லை. சம்பந்தியம்மா சல்தனத், சர்க்கரைக் கட்டியை வாயில் அதக்கியபடி, “பரவால்ல சம்பந்தி, அவரு வாத்தியாரு, பாவம். சந்தையில ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், எதுக்கும் இருக்கட்டும்னு. எடுத்துட்டு வாங்கடி” என்றாள். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்பதை அவ்வளவு இனிமையாகச் சொன்னாள், படுபாவி. அந்தத் தொட்டில் உள்ளே வந்துவிட்டால், குல்ஹயோ அந்த வீட்டில் கிழவியாகும்வரை ஓட்டையில்லாத் தொட்டில்காரி என்ற பெயர்தான்.

எகம்பெர்தி அண்ணனைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்றார், விரலில் புலாவு எண்ணெய். “ஒத்தைப் பலகை. எங்கயும் ஒட்டு இல்ல. இந்தக் காலத்துல டயப்பர் எல்லாம் வந்துடுச்சேன்னு...” என்று இழுத்தார்.

கதறுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குல்ஹயோ எழுந்தாள். “என் புள்ளைக்குச் செய்றேன்னுதானே சொன்னீங்க? இது அவனுக்குச் செஞ்சதா? உங்களுக்குச் செஞ்சுக்கிட்டதுப்பா.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். சனிக்கிழமையே நான் வாயைத் திறந்திருக்கலாமே.

அவர் மருமகனைப் பார்த்தார். “மாப்ள, இரும்புக் கேட்டுக்கு ஓட்டை போடுவியே, அந்த மிஷின் இருக்கா?”

மிஷின் வந்தது. மருமகன் கையை நீட்டினான். “நானே போடுறேன்” என்று வாங்கிக்கொண்டார். இரும்புக்கான வட்ட ரம்பம், அக்ரூட்டைக் கடித்துக் குதறியது. அறையெல்லாம் புகை, தூள். வெட்டுண்ட வட்டம் உருண்டு யாருடைய பாவாடைக்கு அடியிலோ போயிற்று. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“போதும், புள்ளையக் குடுங்க” என்றாள் ஸைதா அத்தை.

“இருங்க அத்தை.” யாரோ நீட்டிய கத்தியால் ஓரத்தைச் சுரண்டினார். விரலால் தடவினார். ஆறு வருடத்தில் காய்ந்து தடித்துப்போன விரல். பிள்ளையைக் குத்துகிற சிலாம்பு இருந்தாலும் அதற்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றி வைத்தார். மண்டியிட்டு, தொட்டிலின் மேல்கட்டைக்குக் கீழே தலையை நுழைத்து, பின்பக்கத்தை அறுபது பெண்களுக்கும் காட்டிக்கொண்டு, அந்த ஓட்டையின் விளிம்பில் கன்னத்தை வைத்தார். சிரிப்பு வெடித்தது. சல்தனத் தலைத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் கன்னத்தை எடுக்காமல், மெல்ல, மெல்ல, ஒரு சுற்று முழுக்கத் தேய்த்துக்கொண்டு வந்தார்.