மழையில்லாத ஆண்டின் கறுப்புத் தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியிருந்த கனகேஸ்வரிக்குக் கணக்கென்றால் உயிர். நகராண்மைக் கழகத்தில் டெக்னீஷியன். குப்பைமேட்டிலிருந்து எவ்வளவு கறுப்புத் தண்ணீர் கசியும், அதைத் தேக்க எவ்வளவு பெரிய குட்டை வெட்ட வேண்டும் என்று கணித்துக் கொடுப்பவள். கணக்கு சரியாக வந்துவிட்டால் மனுஷிக்குத் தலைகால் புரியாது.

தொண்ணூற்றெட்டில் மழை பொய்த்தது. குழாய்த் தண்ணீருக்கும் பங்கீடு வந்தது. தெலுக் பங்லிமா காராங் பக்கம் புதிதாகத் திறந்த குப்பைமேட்டுக்கு, வறண்ட நாட்டுக்காரர்கள் எழுதிய முறையை எடுத்துக் கையாண்டாள். பெய்கிற கொஞ்ச மழையையும் வெயில் குடித்துவிடும், சின்னக் குட்டை போதும் என்று முடித்தாள். மேட்டுக்குக் கீழே, கம்பம் என்று சொல்லும் சிற்றூரில் குடியிருந்த தனலெட்சுமி, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டபோதும், "பயப்படாம குடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு காலை, ஊசிப்போன சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினாள். தொட்டி நாறக்கூடாதே என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான். கடையில் கட்டி வாங்கிய குழம்பு, மிச்சத் தேத்தண்ணி எல்லாம் முடிச்சுப் போட்ட பைகளாகத்தானே குப்பை லோரி ஏறுகின்றன! கை அப்படியே நின்றது. வானத்துத் தண்ணீரைக் கணக்கில் எடுத்தவள் பைக்குள் இருந்த தண்ணீரை மறந்துவிட்டாள்.

பஸ் பிடித்துக் குப்பைமேட்டுக்கு ஓடினாள். சொட்டு மழை இல்லை, குட்டையோ கரை தளும்ப நின்றது. கரையின் ஒரு மூலையில் மண் ஊறி, ஈரம் கம்பத்துப் பக்கம் இறங்கியிருந்தது. காவல் கொட்டகைப் போனில் மேலதிகாரி ராதாகிருஷ்ணனைப் பிடித்து, கம்பத்துக்குத் தண்ணீர் லோரி கேட்டாள்.

"மழையே இல்லையே, எப்படிம்மா நிறையும்?"

"என் கணக்கு தப்பு சார். உடனே அனுப்புங்க."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததை அவரால் நம்ப முடியவில்லை.

கம்பத்துக்கு இறங்கி, முதல் வேலையாகக் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்தாள். தனலெட்சுமி ஒரு கிளாஸ் தேத்தண்ணியோடு வந்தாள்.

"வெயில்ல ஓடி வந்திருக்கீங்கக்கா. முதல்ல குடிங்க லா."

"எந்தத் தண்ணி இது?"

"கிணத்துத் தண்ணிதான். நீங்க சொன்னதிலேருந்து பிள்ளைக்குப் பால்கூட இதுலதான் கலக்குறேன்."

கனகேஸ்வரி கிளாஸை வாங்கினாள், வாயில் வைக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

"பிள்ளை எங்க? தூக்கிட்டு வாங்க, கிளினிக்குப் போவோம்" என்றாள்.