எலும்பக்காவின் அளவுச் சாப்பாடு

எலும்பக்காவுக்கு அந்தப் பேர் வந்ததற்கு அவள் உடம்பு காரணமில்லை. ஆள் நல்ல வாட்டசாட்டம். அவள் கறிக்கடையில் யார் எவ்வளவு வாங்கினாலும், எடை போட்டு முடித்த பிறகு கொசுறாக ஓர் எலும்பைத் தூக்கிப் பையில் போடுவாள். "எங்க வீட்ல நாய் இல்லையே" என்று யாராவது சொன்னால், "நாக்கு இருக்குல்ல? வேகவெச்சு உறிஞ்சுங்க" என்பாள்.

கடை மாமனாருடையது. அவர் கண்ணை மூடியதும் கத்தி மகன் கைக்குப் போனது. மகன் ஒரு தொடையில் பாதி வெட்டினான். விரலில் ரத்தம் பட்டது. வெட்டுக்கட்டை மேலேயே மயங்கிச் சாய்ந்தான். கல்யாணமாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாசலில் கறி வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மூஞ்சியில தண்ணி தெளிச்சு ஓரமா படுக்க வைங்க" என்று புருஷனை நகர்த்திவிட்டு, மீதித் தொடையைப் புதுப்பெண்ணே வெட்டினாள். அன்றிலிருந்து வெட்டுவது அவள், கல்லாவில் உட்காருவது அவன். அதுவும் கறிக்கு முதுகையும் தெருவுக்கு முகத்தையும் காட்டித்தான் உட்காருவான்.

வெட்டத்தான் பயமே தவிர, தின்பதில் அவனுக்கு ஈடு கிடையாது. வீட்டில் கறி சமைப்பதும் அவனே. அவன் அடுப்பில் வறுக்க ஆரம்பித்தால் பக்கத்து வீடுகளில் சண்டை வரும். "அங்க பாரு, எப்படி மணக்குது, நீயும் இருக்கியே" என்று. அவளுக்கோ நாளெல்லாம் கொழுப்பு வாடையில் நின்றுவிட்டு வந்தால், தட்டில் கறியைக் கண்டாலே குமட்டும். பருப்பும் கீரையும் போதும் அவளுக்கு. புருஷன் முகம் கோணக்கூடாதே என்று வாரத்தில் ஒரு துண்டை வாயில் போட்டு, மென்றதாகப் பேர் பண்ணுவாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். வழிபாட்டு மண்டபத்துக்குப் புதிதாக ஒரு பிரசங்கியார் வந்து சேர்ந்தார்.

ஆள் ஒல்லி. சட்டைக்குள் மனிதர் இருக்கிறாரா, ஹேங்கர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். வந்ததும் வராததுமாக நாவடக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் புறணி, இரண்டாம் வாரம் பொய், மூன்றாம் வாரம் கறி. "கறியைத் தின்னாதேன்னு வேதம் சொல்லலை. உடம்பு கேட்டா கொடு. நாக்கு கேட்டா யோசி. கண்ணு கேட்டா எழுந்து போயிடு" என்றார். உயிரைக் கொடுத்த பிராணிக்கு நாம் காட்டும் மரியாதையே அளவோடு நிறுத்துவதுதான் என்றார்.

எலும்பக்காவுக்குப் பிரசங்கம் ரொம்பப் பிடித்தது. கறிக்கடைக்காரிக்கு எப்படிப் பிடிக்கும் என்று கேட்கக்கூடாது. முழங்கையால் புருஷன் விலாவில் இடிக்க அவளுக்கு அதைவிட நல்ல பிரசங்கம் வாய்த்ததில்லை. அவனுக்கு விலா வலித்ததே தவிர வேறொன்றும் உறைக்கவில்லை.

அந்த வாரமே பிரசங்கியார் கடைப்பக்கம் வந்தார். கறி வாங்க இல்லை. தான் பேசியது அவள் பிழைப்பைப் பாதித்துவிட்டதோ என்று விசாரிக்க. நல்ல மனுஷன்தான். போகிற போக்கில் கேட்டார்: "இவ்வளவு கறிக்கு நடுவுல நிக்கிறீங்களே அம்மா, நீங்க எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"நானா? வாரத்துக்கு ஒரு துண்டு. அதுவே ஜாஸ்தி."

பிரசங்கியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டிருந்தால் வாடை என்று சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் பிரசங்கம் செய்யப் போவதில்லை.

அடுத்த வாரம் மண்டபத்தில் எல்லாருக்கும் நடுவில் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். "கறி மலைக்கு நடுவே வாழ்ந்தும் நாக்கை வென்ற பெண்மணி இவங்க. அளவுன்னா என்னன்னு யாரும் என்கிட்ட கேக்காதீங்க, இவங்களைப் பாருங்க" என்றார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து யாரும் அவளை எதற்கும் எழுப்பி நிறுத்திப் பாராட்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தியதெல்லாம் வேறு காரணங்களுக்காக. அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது புருஷனைவிட இரண்டடி முன்னால் நடந்தாள்.

மறுநாள் கடையில் முதலில் வந்தது கணக்கு டீச்சர். தராசில் போட்ட கறியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, நீங்க சாப்பிடறதே இல்லையாமே?"

"ஆமா டீச்சர்."

"உங்க கடைக் கறியையே நீங்க சாப்பிடறதில்ல."

சொன்ன விதத்தில்தான் எல்லாம் இருந்தது. எலும்பக்கா என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள், டீச்சருக்கு வேறெங்கோ வேலை இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். பேச்சு தெருவுக்குத் தெரு வளர்ந்தது. அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப்போகிறது? பழைய கறியாக இருக்கும். நோய்ப்பட்டதாக இருக்கும். எலும்பைச் சும்மா கொடுக்கிறாளே, எதற்குக் கொடுக்கிறாள் என்று யோசித்தீர்களா? பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இன்னொரு கறிக்கடை இருந்தது. அதன் முதலாளிக்கு விளம்பரப் பலகையே தேவையில்லை, தொப்பையே போதும். தன் சரக்கைத் தானே தின்று வளர்த்தது என்று பார்த்ததும் தெரியும். கூட்டம் அங்கே போய் நின்றது.

எலும்பக்கா பிரசங்கியாரிடம் போனாள். "ஐயா, நீங்க என்னைப் பாராட்டினது போதும். கொஞ்சம் திருப்பி எடுத்துக்கங்க."

அவர் பதறிப்போனார். அடுத்த பிரசங்கத்திலேயே சரி செய்துவிடுவதாகச் சொன்னார். செய்தார். "அந்தக் கடைக் கறியில எந்தக் கெடுதலும் இல்லை. புழு இல்லை. நாத்தம் இல்லை. யாருக்கும் எதுவும் வரலை" என்று மூன்று முறை அழுத்திச் சொன்னார்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன மாதிரி ஆயிற்று. அதுவரை கேள்விப்படாதவர்களுக்கும் புழு விஷயம் தெரிந்துபோயிற்று.

"இனிமே ஒரே வழிதான்" என்றாள் புருஷனிடம். "நான் திங்கறதை ஊர் பாக்கணும். நீ சமை."

கல்யாணமான நாளிலிருந்து அவன் காத்திருந்த வார்த்தை அது. கடை வாசலில் ஒரு மேசை போட்டார்கள். மதியம் பெரிய தட்டு வந்தது. வறுத்தது, சுட்டது, குழம்பாக வைத்தது. போகிற வருகிறவர்கள் பார்க்க எலும்பக்கா உட்கார்ந்து தின்றாள். முதல் நாள் சிரித்துக்கொண்டே தின்றாள். இரண்டாம் நாள் சிரிப்பு இல்லை. மூன்றாம் நாள், கணக்கு டீச்சர் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறாள் என்று தெரிந்து, தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டாள்.

கீரைக்குப் பழகிய வயிறு அது. அன்று சாயங்காலமே கடை ஷட்டர் இறங்கியது. இரண்டு நாளைக்கு ஏறவில்லை. உள்ளே எலும்பக்கா கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தாள். வெளியே செய்தி பரவியது: தன் கடைக் கறியைத் தானே தின்று படுத்துவிட்டாள்!

"நான் சமைச்சதுல ஒரு குறையும் இல்லை" என்றான் புருஷன், கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு.

"உன் சமையலை இப்ப யாரு குறை சொன்னா? அந்த வாளியை எடு."

பிரசங்கியார் மனைவியோடு பார்க்க வந்தார். மனைவி பேசுகிற ஜாதி இல்லை. கேட்டுக்கொண்டே இருந்து கடைசியில் ஒன்று சொல்லுகிற ஜாதி. முழுக் கதையையும் கேட்டாள். தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "இதெல்லாம் உங்க வாயால வந்தது. உங்க வாயாலேயே சரி பண்ணுங்க."

"இன்னொரு பிரசங்கமா?" என்றார் அவர்.

"ஐயோ வேண்டாம் சாமி" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பேச வேண்டாம்" என்றாள் மனைவி. "வாயைத் திறந்து சாப்பிடுங்க."

அடுத்த நாள் ஷட்டர் ஏறியது. அதே மேசையில் பிரசங்கியார் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. தெருவே நின்றது. எலும்பக்காவின் புருஷன் தான் சமைத்ததைத் தட்டில் போட்டு முன்னால் வைத்தான். அளவுக்கு அடையாளமாக ஒரே ஒரு துண்டு சாப்பிடுவது, நன்றாக இருக்கிறது என்று சொல்லுவது, எழுந்துவிடுவது. அதுதான் ஏற்பாடு.

முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். கண்ணைத் திறக்காமலேயே கை இரண்டாவது துண்டைத் தேடிப் பிடித்தது. அப்புறம் மூன்றாவது. அப்புறம் கை நிற்கவே இல்லை. எலும்பை உறிஞ்சிய சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டது. ஒல்லி உடம்பு, ஆனால் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. கணக்கு டீச்சரே எண்ணுவதை விட்டுவிட்டாள். மனைவி மெதுவாக, "போதுமே" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுக் குழம்பை வழித்தார். கடைசியில் ஒரு ஏப்பம் விட்டார் பாருங்கள், அத்தனை பிரசங்கத்திலும் அவருக்கு அவ்வளவு தெளிவான குரல் வந்ததில்லை.

அப்போதுதான் கண்ணைத் திறந்து தெருவைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

தெருவுக்கோ ஒரே சந்தோஷம். "எனக்கு ஒரு கிலோ" என்று முதலில் கத்தியது கணக்கு டீச்சர்தான்.

அந்த வாரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. மனுஷன் என்ன சொல்லிச் சமாளிக்கப்போகிறார் என்று பார்க்க, வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். அவர் சமாளிக்கவில்லை. "என் அப்பா வீட்ல விருந்துன்னா என்னைத் தனி அறையில உக்கார வெச்சுத்தான் சோறு போடுவாங்க. மத்தவங்களுக்கு மிஞ்சணுமே" என்றார். "நான் ஒல்லியா இருக்கறது பக்தியால இல்லை, பயத்தால. ஒரு துண்டு தொட்டா நிறுத்தத் தெரியாது எனக்கு. அதனாலதான் அளவைப் பத்தி இவ்வளவு பேசறேன். அன்னைக்கு அந்த அம்மாவை நிக்க வெச்சுப் பாராட்டினேன், அது தப்பு. அவங்களுக்கு ஆசையே இல்லை, வாடை பிடிக்கலை. ஆசை இல்லாதவங்களுக்கு அடக்கம் எதுக்கு? வேதம் அளவைச் சொன்னது என்னை மாதிரி ஆளுக்குத்தான்."

எலும்பக்காவுக்குச் சுருக்கென்றது. வியாபாரம் திரும்பி வந்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் ஊரறியக் கொடுத்த பட்டத்தை ஊரறியப் பிடுங்கினால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். பக்கத்தில் புருஷனைப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் ஒரு பிரசங்கத்துக்கு அவன் தூங்காமல் இருந்தது அன்றுதான்.

அன்று மதியம் வீட்டில் கறி. அவன் சாப்பிட்டான். பாத்திரத்தில் நல்ல கொழுத்த துண்டுகள் மீதி இருந்தன. கை போனது, பாதி வழியில் நின்றது. நெற்றியில் வியர்வை பூத்தது. அன்று வெட்டுக்கட்டை மேல் சாய்ந்தபோது இருந்த அதே வெளுப்பு முகத்தில். பிறகு மூடியை எடுத்துப் பாத்திரத்தை மூடி, எழுந்து கை கழுவப் போய்விட்டான். எலும்பக்கா கீரைச் சோற்றைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தனக்கு ஒருநாளும் இவ்வளவு கஷ்டம் இருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "இந்தா மோர் குடி" என்று தன் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஆனால் நல்லது எதுவும் அவனிடம் அளவோடு நிற்காது. மறுநாள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "நேத்து நான் பாதியில எழுந்துட்டேன் தெரியுமா? நாக்கு கேட்டுச்சு, நான் யோசிச்சேன். நீங்க ஒரு கிலோவா கேக்கறீங்க? அரைக் கிலோ பத்தாதா?" என்று ஆரம்பித்தான். இரண்டு பேர் அரைக் கிலோவாகக் குறைத்துக்கொண்டார்கள்.

எலும்பக்கா வெட்டுவதை நிறுத்தினாள். கத்தியோடு நடந்துவந்து, கல்லாவுக்கு முன்னால் ரத்தக் கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இன்னொரு வார்த்தை பேசினே, மோந்து பாரு."

அவன் சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.