தேரிக்காட்டில் ஒரு பிளாஸ்க் வெந்நீர்

போன ஏப்ரல் விடுமுறையில், திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுமல்தான் வருகிறது. நான் பாறசாலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு காக்கும் நாய். நாய்க்கு என்ன பெரிய அனுபவம் என்று கேட்பவர்கள், உச்சி வெயிலில் அந்தச் செம்மணலில் செருப்பில்லாமல் நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வீட்டுக்காரர், வீட்டம்மா, பள்ளியில் படிக்கும் மகள், நான். எல்லோரும் காரில் போனோம். பாலைவனம் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் அதற்கு முன்பே ஒரே பேச்சு. இறங்கியதும் வீட்டுக்காரர், "அப்படியே துபாயாக்கும்!" என்றார். துபாய்க்கு அவர் போனதே கிடையாது. அவர்கள் மணல்மேட்டையும் வானத்தையும் பார்த்தார்கள். என் உயரத்துக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய செருப்புகள்தான். எனக்கு மட்டும் நாலு காலும் வெறுங்கால். ஒன்றைத் தூக்கினால் மற்ற மூன்றும் சுட்டன. நான் கால் மாற்றி மாற்றிக் குதித்ததை, டான்ஸ் ஆடுகிறது என்று மகள் வீடியோ எடுத்தாள். போதாததற்கு என் மூக்கில் கறுப்புக் கண்ணாடியை மாட்டி ஒரு போட்டோ வேறு. இதற்குப் பெயர் சுற்றுலாவாம்!

தொண்டை வறண்டு, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் மடங்கி விழுந்துவிட்டேன். அப்போதுதான் பதறினார்கள்.

"அம்மா, இதுக்க நாக்கப் பாரு! வெள்ளம் குடு!" என்று மகள் கத்தினாள்.

வீட்டம்மா பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்; ஊர்விட்டு ஊர் போனால், சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெள்ளம் கூடவே வரும். ஆவி பறக்க மூடியில் ஊற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். காலுக்குக் கீழே நெருப்பு போதாதா?

பனை நிழலில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டுக் குடத்தோடு ஓடி வந்தார். வீட்டம்மா மறித்தார். "காய்ச்சாத பச்ச வெள்ளம் குடுக்கப்பிடாது. ஊரு மாறுன வெள்ளம், சொகக்கேடு வரும்."

ஊரில் கிணற்றடி வாளியிலும் ரப்பர் தோட்டத்துக் குட்டையிலும் வாய் வைப்பவன் நான். அப்போதெல்லாம் எங்கே போயிற்று இந்தச் சுகக்கேடு?

"வாயில்லா ஜீவன்மா, செத்துப் போயிரும்" என்று அந்தப் பெண் ஓலைப்பட்டையில் தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்தார். வாய் இருந்தது, அதில் ஈரம்தான் இல்லை. மடமடவென்று குடித்தேன். மீதியை என் பாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். குடம் காலியாகிவிட்டது. அந்தப் பொட்டல் வெளியில் அவர் குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணீர் அது.

வீட்டம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பிளாஸ்க்கை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அவர் ஊதி ஊதி ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சிரித்தார். நான் எழுந்து அவர் பக்கம் போவதற்குள் வீட்டுக்காரர், "எலே, வண்டியில கேறு!" என்று என்னைத் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

பாதத்தில் பட்ட சூடு எப்போதோ ஆறிவிட்டது. ஊரெல்லாம் எங்களை நன்றியுள்ள பிராணி என்கிறார்கள். அந்த நன்றியை நுங்கு விற்ற பெண்ணின் கையில் ஒரு தடவை நக்கிச் சொல்ல விடவில்லையே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.