இழுத்துப் பாருங்க, என் முடிதான்!

போன வருடம் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், பெங்களூரு விவேக் நகரில் எங்கள் தெருமுனை பியூட்டி பார்லரில் ஆரம்பித்தது இந்த வம்பு. எனக்கு அறுபத்திரண்டு வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடமாகத் தலைக்குச் சாயம் பூசி வந்தேன். கடைசியில் சாயம் பட்டாலே உச்சந்தலை அரித்து, காதோரம் வீங்க ஆரம்பித்தது. இனி அதைத் தொடவே கூடாது என்று தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறேழு மாதத்தில் மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக, என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. வெட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பார்லரில் இருந்த மணிப்பூர்ப் பெண் கெட்டிக்காரி. பின்னாலும் காதோரமும் ஒட்ட வெட்டி, முன்பக்கம் மட்டும் நீளம் விட்டு ஒரு பக்கமாக வாரிவிட்டாள். துவரம்பருப்பு அளவு வாக்ஸ் எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, முன்முடியை எப்படித் தூக்கிவிடுவது என்று காட்டிக் கொடுத்தாள். வெள்ளை முடி மஞ்சளடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பு. கண்ணாடியில் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழகாக இருந்தேன். அதே குஷியில் பெரிய வெள்ளிக் கம்மல் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "நல்லாருக்கே" என்றார். அதோடு அவர் கடமை முடிந்தது.

மறுநாள் கடைத்தெருவில் ஆரம்பித்தார்கள். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடுவது உண்டு. பெண்களும் போடுவார்கள். அதனால் காய்கறி வாங்கும்போதே ஒருத்தி, "மாதாவுக்கு நேர்ச்சையா டீச்சர்?" என்றாள். இல்லைம்மா, ஸ்டைலுக்கு வெட்டினேன் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியில் சொல்லக் கூடாத வேண்டுதல் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டாள். அறுபது வயதுக்கு மேல் ஒருத்திக்கு ஸ்டைல் என்று ஒன்று இருக்கலாம் என்பது யார் மண்டையிலும் ஏறவில்லை.

நேர்ச்சை இல்லையென்றால் பின்னே என்ன? நோய்தான். இந்த முடிவுக்கு வர எங்கள் தெருவுக்கு ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஆட்டோவில் ஏறி ஓசூர் ரோடு என்றேன். பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி இருப்பதும் அந்த ரோட்டில்தான். டிரைவர் கண்ணாடியில் என் தலையைப் பார்த்தார். வழியெல்லாம் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பூப்போல ஏற்றி இறக்கினார். மீட்டருக்கு மேல் பத்து பைசா கேட்கவில்லை. பெங்களூரில் ஆட்டோக்காரர் இப்படி நடந்துகொண்டால் அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இறங்கும்போது, "எல்லாம் சரியாயிடும்மா, தைரியமா போங்க" என்றார். நான் போனது மெத்தை உறை வாங்க.

எதிர்வீட்டு அம்மாதான் எங்கள் அன்பியத்துக்குத் தலைவி. அன்பியம் என்றால் தெருவில் உள்ள குடும்பங்கள் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பது. தங்கமான மனசு, அதுதான் தொல்லையே. ஒருநாள் காலையில் மாதுளை ஜூஸோடு வந்து நின்றார். ருசியாக இருந்தது, குடித்துவிட்டேன். அப்படிக் குடித்ததையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். தினமும் வந்தது ஜூஸ். பிறகு பப்பாளி இலைச் சாறு வந்தது. எனக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தேன். "டென்ஷன் பேடா, டென்ஷனே வேணாம் டீச்சர். இப்படித்தான் தைரியமா இருக்கணும்" என்று என் கையைத் தடவிக் கொடுத்தார். மறுக்க மறுக்க நான் பெரிய வீராங்கனை ஆகிக்கொண்டே போனேன்.

அந்த வார அன்பியக் கூட்டத்தில், "நம்மிடையே நோயுற்றிருக்கும் அன்புச் சகோதரிக்காக" என்று அவர் மன்றாட்டைச் சொன்னபோது, யாரோ பாவம் என்று நானும் கண்ணை மூடி உருக்கமாக வேண்டிக்கொண்டேன். கூட்டம் முடிந்து ஒவ்வொருத்தியும் வந்து என் கையை அழுத்திவிட்டுப் போனபோதுதான் அந்தச் சகோதரி நான்தான் என்று விளங்கியது. பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தலை முழுக்க வழுக்கை, இருக்கிற நாலு முடியும் வெள்ளை. இருபது வருடமாக இதே கோலம்தான். அவருக்காக யாரும் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னதில்லை.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அப்போது என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு பெங்களூரிலேயே ஜோகுபாளையம். பாஸ்கு பண்டிகை, அதாவது ஈஸ்டர், முடிந்து மே மாதம் என்று மண்டபம்கூடப் பிடித்தாகிவிட்டது. என் மகன் மஸ்கட்டில் வேலை செய்கிறான். அவனுக்கு மே மாதம்தான் லீவு. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்து வர வேண்டும் என்பது மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. எல்லாம் அந்த மே மாதத்தைச் சுற்றித்தான் இருந்தது.

ஜனவரி கடைசியில் சம்பந்தியம்மாள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், முக்கியமாகப் பேச வேண்டும் என்றார். குரலில் ஒரு மாதிரி கனிவு. அந்தக் கனிவு எனக்கு அதற்குள் நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை மகள் ஒரு டப்பாவைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். உள்ளே விக். தோள்வரை நீளம், கருகருவென்று.

"ஒரு நாள் மட்டும் போட்டுக்க மம்மி. அவங்க போனதும் கழட்டிடு."

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என் தலையில் என்ன குறை, இப்போதுதான் அந்த அரிப்பு நின்றிருக்கிறது, என்னைப் பார்க்க உனக்கு வெட்கமாக இருக்கிறதா என்று பொரிந்து தள்ளினேன். அவள் என் தலையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ப்ளீஸ் மம்மி" என்றாள். கல்யாணப் பெண் கண் கலங்கினால் என்ன செய்வது? ஒப்புக்கொண்டேன். 

ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். தலையில் யாரோ பூனையைப் படுக்க வைத்தது போல அந்த விக்கோடு நான் உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. சம்பந்தியம்மாள் உள்ளே நுழைந்து என் தலையைப் பார்த்தார். அந்த நிமிடமே அவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"முடி போனா போகுதுங்க. உயிர்தானே முக்கியம்? எங்க கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க?"

எதிர்வீட்டு அம்மாவின் சித்தி மகள் ஜோகுபாளையத்தில் இவரோடு கோயில் பாடல் குழுவில் பாடுகிறாளாம். விஷயம் அந்த வழியாக மாதுளை ஜூஸ் முதற்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் சொல்லிக்கொண்டே போனார். பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டார்களாம். சாம்பல் புதனுக்கு முன்னாலேயே கல்யாணத்தை முடித்துவிடலாமாம். தவக்காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாதே. கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையைக் குறைக்கவும் கேட்டிருக்கிறார்களாம். "நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் ஒரு வருஷம் துக்கம். நீங்க கண்ணால பாக்க வேணாமா?"

என் சாவுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று என்னிடமே வந்து அன்பாகச் சொல்கிறார்கள்! மகன் வர முடியாது. மகள் அண்ணன் இல்லாமல் நடந்து வர வேண்டும். எல்லாம் எதற்காக? நான் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டேன் என்பதற்காக. சமையலறை வாசலில் நின்ற மகளைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது, விக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து டீப்பாயில் போட்டேன்.

காபியை வாய்க்குக் கொண்டுபோன சம்பந்தி டம்ளரை அப்படியே கீழே வைத்தார். வேர்வையில் என் முடி நாலா பக்கமும் குத்திட்டு நின்றது.

"முடி இருக்கே!" என்றார் சம்பந்தியம்மாள்.

"எப்பவும் இருந்துச்சு. மேல கறுப்பு பூசிக்கிட்டிருந்தேன். இப்ப பூசல. அவ்ளோதான்."

"அப்புறம் எதுக்கு விக்?"

நான் மகளைப் பார்த்தேன், அவள் சமையலறைக்குள் நழுவிவிட்டாள். சம்பந்தியம்மாளுக்கோ இன்னும் நம்பிக்கை வரவில்லை, இதுவும் மருந்துக்குப் பிறகு முளைத்ததாக இருக்குமோ என்று பார்த்தார். நான் தலையைக் குனிந்து அவர் முன்னால் நீட்டினேன். "இழுத்துப் பாருங்க."

"ஐயோ, வேணாங்க."

"இல்ல, இழுங்க. நல்லா இழுங்க."

அவர் பயந்து பயந்து தொட்டார். பிறகு பிடித்தார். பிறகு நிஜமாகவே ஒரு இழுப்பு இழுத்தார், எனக்கு உச்சி கிறுகிறுத்தது. "கெட்டியாத்தான் இருக்குது" என்று தன் கணவரைப் பார்த்துச் சொன்னவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அழுகையும் சிரிப்புமாக அப்படி ஒரு சிரிப்பு. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். மே மாதம் மே மாதமாகவே இருக்கட்டும், சாமியாரிடம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகு விக்கை டப்பாவில் திணித்துக்கொண்டே மகளைத் திட்டத் தயாரானேன். அவள் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நிஜமாவே ஒண்ணும் இல்லியே மம்மி? கல்யாணம் நின்னுடும்னு எங்கிட்ட மறைக்கலியே?"

ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் ஆபீஸில் இரண்டு பேர் ஆறுதல் சொன்னார்களாம். எதிர்வீட்டு அம்மா வாசலில் கட்டிப்பிடித்து அழுதாராம். தினம் ராத்திரி நான் தூங்கியதும் வந்து மூச்சு விடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போவாளாம். என் தலையைப் பார்க்க அவளுக்கு வெட்கமில்லை. பயம். அது புரியாமல் நான் அவளிடம் என்ன கத்து கத்தியிருந்தேன்! அவள் கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன். அவளும் இழுத்தாள். சம்பந்தியம்மாளை விட வலுவாக இழுத்தாள், இழுத்துவிட்டு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

மே மாதம் கல்யாணம் நடந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்திலும், கல்யாண உடுப்போடு வந்து, விரல் நுனியில் வாக்ஸ் எடுத்து என் முன்முடியைத் தூக்கிவிட்டவள் அவள்தான். மண்டபத்தில் யாரோ ஒருத்தி என் தலையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "வேளாங்கண்ணியா?" என்று ஆரம்பித்தாள். நான் பல்லைக் கடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாள், "நோயுமில்ல, நேர்ச்சையுமில்ல. வேணும்னா இழுத்துப் பாருங்க!" என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி.

இன்றைக்கும் யாராவது என் தலையைப் பார்த்து அனுதாபப்பட்டால் எரிச்சல் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் காலையில் கண்ணாடி முன் நின்று முன்முடியைத் தூக்கிவிடும்போதெல்லாம், நான் இன்னும் ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்று என் மகள் பிடித்து இழுத்துப் பார்த்த முடி இது என்ற நினைப்பில் தலை தானாக நிமிர்ந்துகொள்கிறது.