நாகப்பன் கடைக்கு எதிரே மாட்டிய ஸ்டீல் ஹோஸ்

போன வாரம் திண்டிவனம் சிக்னலில் என் பக்கத்தில் ஒரு புது பைக் வந்து நின்றது. ஹேண்டிலிலிருந்து முன்சக்கரம் வரை பிரேக் ஆயில் ஓடும் ஹோஸ், குழந்தையின் அரைஞாண்கொடி மாதிரி பின்னல் கம்பியாய் மின்னியது. வண்டியைப் பார்த்து நான் ஆசைப்படுவதாக நினைத்து அந்த ஆள் சிரித்தார். நானோ நாகப்பனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறுவருஷம் அது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு அருகே நாகப்பனுக்கு மெக்கானிக் கடை. எனக்கு உப்பளத்தில் சூப்பர்வைசர் வேலை. எங்கள் உப்புக்காற்றில் இரும்பு இரண்டே மாதத்தில் துருவேறிப் பொரிந்துவிடும். அதனால் வேஸ்ட் ஆயிலைத் துணியில் நனைத்து வண்டி முழுக்கத் தடவி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேனோ இல்லையோ, என் வண்டி குளித்துவிடும். அந்தக் கருகல் வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும்.

முன்பிரேக் ஹோஸை நாகப்பன்தான் மாற்றிக் கொடுத்தார். "ஒரிஜினல் சரக்குப்பா, கண்ண மூடிக்கினு ஓட்டு" என்றார். கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டினேன். நாலே மாதத்தில், அளத்துக் கரைமேல் போகும்போது ஹோஸ் வெடித்தது. வண்டியோடு உப்புக் குவியலுக்குள் புகுந்தேன். முழங்கால் தோல் உரிந்த இடத்தில் உப்பு பட்டால் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த மாதம் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணை போட்டோவில் பார்த்ததோடு சரி. ஆனாலும் மனதுக்குள் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பாண்டிச்சேரி வரை நாலைந்து தடவை போய்வந்துவிட்டேன். பையன் எப்படி என்று விசாரிக்க வந்த பெண்ணின் தாய்மாமன், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நாகப்பன் கடைக்குப் போனார்.

"நல்ல பையன்தாங்க. வண்டிய மட்டும் நிறுத்தத் தெரியாது. உப்பு மேல போய்தான் நிக்கும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார் நாகப்பன்.

குடிகாரன் போலிருக்கிறது என்று எண்ணி அவர்கள் சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் என் பெயர் 'உப்புமேடு' ஆனது.

பழி வாங்காமல் விடுவதில்லை என்று சென்னைக்கு பஸ் ஏறினேன். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அலைந்து, நாகப்பன் சரக்கைவிட உசத்தியாக ஒரு ஸ்டீல் பின்னல் ஹோஸ் வாங்கினேன். நாகப்பன் கடையில் கூட்டம் சேரும் காலை நேரமாகப் பார்த்து, நேர் எதிரே வண்டியைப் போட்டுக்கொண்டு நானே மாட்ட உட்கார்ந்தேன்.

"டேய், பழைய வாஷரப் போடாத. ஆயில் ஒழுகும்" என்று நாகப்பன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். காதில் விழாத மாதிரி இருந்தேன். பிறகு டீ குடிக்கப் போகிற பாவனையில் போய்ப் புது வாஷர் வாங்கிவந்தேன். உள்ளே சிக்கிய காற்றை எடுத்து, பிரேக் லீவர் கல்லாய் இறுகுவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது.

எழுந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாகப்பனைப் பார்த்து நேராக விட்டேன். கூட்டம் அலறி விலகியது. அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

மனுஷன் அசையவில்லை. கையிலிருந்த டீகூடத் தளும்பவில்லை. ஹோஸுக்குப் பக்கத்துக் கம்பியை விரலால் தடவி, கருப்பாக ஒட்டியதை முகர்ந்து பார்த்தார்.

"பிரேக்கு நல்லா புடிக்குது. ஏம்பா, அந்தப் பழைய ரப்பர் ஹோஸுக்குமா வேஸ்ட் ஆயில் தடவுன? அதான் ஊறி வெடிச்சிருக்குது."

கூட்டம் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

ஹோஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரி. அதற்காக நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள். பெண் விஷயத்தில் 'தப்புதான்' என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வாங்க வேண்டும் என்றே இருந்தேன். முறைத்துக்கொண்டே வருஷங்களை ஓட்டிவிட்டேன். சாலையை அகலமாக்கக் கடையை இடித்தார்கள். நாகப்பன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னை உப்புமேடு என்று கூப்பிடவும் இப்போது ஆளில்லை.

கடை இருந்த இடத்தில் நடுச்சாலை அரளிச் செடிகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் வண்டியை மெதுவாக்கி, அவற்றைப் பார்த்து நன்றாக வைதுவிட்டுத்தான் போகிறேன். பாவி மனுஷன், திருப்பி வைவதற்காவது அங்கே இருந்திருக்கலாம்.